பாம்புக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டில் பென்சில் அக்காவுக்கு, மை எனக்கு. அந்தப் பாகப்பிரிவினையில் மட்டும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. மற்றதற்கெல்லாம் உண்டு. ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, குளியலறைக்கு யார் முதலில் போவது, டீயில் சர்க்கரை எவ்வளவு என்று விடிந்ததும் ஆரம்பித்துவிடுவோம். கீழே சாவிக் கடை வைத்திருப்பவர், "உங்க சத்தம் கேட்டாதான் கடையத் தெறக்கணும்கிற நெனப்பே எனக்கு வருது" என்பார். சத்தத்தில் முக்கால்வாசி என்னுடையது. அக்கா பேசுவது குறைவு.

நாங்கள் செய்வது படக்கதை. ஜப்பானிய மாங்கா பாணியில், கறுப்பு வெள்ளையில், ஒரு மாதப் பத்திரிகைக்கு. அக்கா கதையை யோசித்துப் பக்கங்களைப் பென்சிலில் வரைந்து, அட்டைக்குள் செருகிக் காலையில் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். நான் அதன்மேல் மை போட்டு, காய்ந்ததும் பென்சிலை ரப்பரால் அழித்து, பத்திரிகைக்கு அனுப்புவேன். கையை விட்டுப் போன பக்கத்தை அக்கா மறுபடி பார்க்க மாட்டாள். அச்சாகி வந்த பிறகுதான் பார்ப்பாள், அதுவும் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டு. பக்கங்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. "பேசினா கோடு செத்துடும்" என்பது அவள் கட்சி. ஊர்ப்பட்ட கதை பேசுகிற எனக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய்ப்பூட்டு.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். பென்சிலை அழுத்திப் பிடிப்பாள். ரப்பர் போட்டால் கோடு போகும், பள்ளம் போகாது.

"இது காகிதமா கருங்கல்லா? இப்படிச் செதுக்குற?"

"உனக்கென்ன? மேல மை போடத்தானே போற."

எங்கள் தொடரில் ஒரு நகரம், அதற்கு நான்கு வாசல், வாசலுக்கு ஒரு காவல். அக்கா அதைச் சீனத்துப் பழங்கதைகளிலிருந்து எடுத்தாள். கிழக்கே நீல டிராகன், தெற்கே சிவப்புப் பறவை, மேற்கே வெள்ளைப் புலி, வடக்கே கறுப்பு ஆமை. மாங்காவில் இது பழகிய வித்தை. ஒரு ஆளுக்கு ஒரு மிருகத்தைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிருகத்தைப் பார்த்ததுமே ஆளின் குணம் வாசகருக்குப் பிடிபட்டுவிடும். எங்கள் டிராகன் சாதாரண நாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிற துடுக்குக்காரன். புலி, கத்திக்குச் சாணை பிடிக்கிறவள், யாரிடமும் சிரிக்க மாட்டாள். பறவை, நெருப்பைக் கண்டால் நடுங்குகிற தீயணைப்புக்காரன். நகரத்துக்கு ஆபத்து என்றால் மூவரும் மிருகமாகிவிடுவார்கள்.

வடக்குக் காவல்காரி மட்டும் வேறு மாதிரி. சீனர்களின் பழைய கூரை ஓட்டுச் சித்திரங்களில் மற்ற மூன்றுக்கும் ஒரு உடம்பு, வடக்குக்கு இரண்டு. ஆமை, அதைச் சுற்றிக்கொண்ட பாம்பு. ஆமை கழுத்தைத் திருப்பிப் பாம்பைப் பார்க்கும், பாம்பு தலையை வளைத்து ஆமையைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு காவல். எங்கள் கதையில் அவள் அதிகம் பேசாத, கனத்த உடம்புக்காரி. வாசல் சாவி அவளிடம். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பாம்பு. அவள் ஆமையாக மாறும்போது பாம்பும் கூடவே வளர்ந்து ஓட்டைச் சுற்றிக்கொள்ளும்.

அந்தப் பாம்பை அக்கா வரைவதே கிடையாது. ஆமை ஓட்டின்மேல் ஒரு வெள்ளைப் பட்டை விட்டுவைப்பாள், அவ்வளவுதான். அந்த இடம் என்னுடையது. முதல் அத்தியாயத்தின்போது அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "செதில் வரைய எனக்குப் பொறுமை இல்ல. நீ போடு" என்றாள். பென்சில் இல்லாமல் நேராக மையிலேயே போட்டேன். ஒவ்வொரு செதிலாக, வால் நுனிவரை. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் பசித்தது. அதிலிருந்து பாம்பு என் கை.

பாம்பு நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது ஒல்லி, நாக்கு உள்ளே நிற்காது, ஆமையை விட்டு அங்குலம் நகராது. யாராவது ஆமையை நெருங்கினால் சீறும். ஒரு வாசகி பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருந்தாள்: அந்தப் பாம்பு ஆமையைக் காவல் காக்கிறதா, நெரிக்கிறதா? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "காவல்தான், அதிலென்ன சந்தேகம்னு பதில் போடட்டுமா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஆமைகிட்ட கேட்டாதான் தெரியும்" என்றாள் அக்கா, டீயைக் கலக்கிக்கொண்டே.

நல்ல ஜோக் என்று அதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

நெருங்கினவர்கள் பெரிதாக யாருமில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அக்காவுக்குப் பவர் மாற்றினார், பிறகு ஃப்ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே வந்தார், அடுத்த வாரமும் வந்தார். அவ்வளவு அக்கறையான கண்ணாடிக் கடையை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் சோபா ஒன்றுதான், இரண்டு பேர் உட்காரலாம். அவர் வந்தால் அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன், அவருக்கு என் வரைகிற ஸ்டூல். அது ஒரு பக்கம் ஆடும். அவர் அந்த ஆட்டத்திலேயே என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போவார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கடைசியாக அவர் குடித்த கோப்பையை அக்கா வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் வீணாகிறது என்றேன்.

தொடர் முடியப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அடுத்ததைப் பற்றியே நினைப்பு. பத்திரிகை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பேர் கெடு சார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் கெடு சொல்கிறவர். அவர் போன் செய்து, "நாலு வாசலையும் நல்லபடியா பூட்டிடுங்கம்மா, அடுத்தது என்னன்னு சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அடுத்தது என்று ஒன்று இருக்க வேண்டும். இந்த வீட்டில் காலையில் என் மேஜைக்கு ஒரு அட்டை வரவேண்டும், அதற்குள் எனக்கு ஒரு வெள்ளைப் பட்டை இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அது இல்லையென்றால் நான் எப்படி எழுந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் அடுத்த தொடரை நானே கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்திருக்குமே சீனத்துக் கல் சிங்கங்கள், அவை. எப்போதும் ஜோடிதான். ஒன்றின் காலடியில் பந்து, இன்னொன்றின் காலடியில் குட்டி. நீ பந்துச் சிங்கம், நான் குட்டிச் சிங்கம், பிடரிச் சுருளெல்லாம் என் பொறுப்பு என்று சோறு பிசையும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா "ம்" என்பாள். அவள் பழைய பெட்டியை இழுத்துப்போட்டு அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்த அன்றுகூட, கம்பளி வைக்கப் பெட்டி வேண்டும்போல என்று நினைத்து, எதிரில் உட்கார்ந்து சிங்கத்தின் பல்வரிசை பற்றிப் பேசினேன். அவள் இரண்டு தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இரு, நான் முடிச்சுக்கிறேன்" என்றேன். முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தின் பக்கங்கள் ஒரு மழைநாள் காலையில் மேஜைக்கு வந்தன. அக்கா அட்டையை வைத்துவிட்டு வழக்கம்போல் போய்விடவில்லை. கதவில் கையை வைத்து நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நிதானமா பண்ணு. அவசரமில்ல."

கெடு சார் காதில் விழுந்தால் மயங்கி விழுந்திருப்பார். நான் சிரித்துக்கொண்டே அட்டையைத் திறந்தேன்.

வசனமே இல்லாத அத்தியாயம். நகரத்துக்கு வந்த போர் போன இதழிலேயே முடிந்துவிட்டது. இதில் முதல் பக்கம் முழுக்க வடக்கு வாசல், அதன் வளைவுக்கு மேலே பெரிய வெறுமை. அடுத்த பக்கத்திலிருந்து ஆமை நடக்கிறது. வாசலைத் தாண்டி, வயல் தாண்டி, மணல் தாண்டி, கடைசியில் கடல். அப்பேர்ப்பட்ட கோடுகளை அக்கா அதற்குமுன் வரைந்ததில்லை. ஆமையின் காலடியில் மணல் நொறுங்குவது கையில் உறைத்தது.

ஆனால் எந்தப் பக்கத்திலும் வெள்ளைப் பட்டை இல்லை. ஓடு முழுவதும் கட்டம் கட்டமாக வரைந்து மூடியிருந்தது. பாம்புக்கு இடமே விடவில்லை.

இவள் எதைத்தான் மறக்கவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் நிற்கிறவள்தானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆமை கழுத்தைத் திருப்பவும் இல்லை, எல்லாப் படத்திலும் முன்னால்தான் பார்த்தது. நடக்கிறது அல்லவா, வழியைப் பார்க்க வேண்டாமா என்று அதற்கும் நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போய்க் கேட்டிருக்கலாம். பக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்ற ஒப்பந்தத்தை நான் மீறினதே இல்லை. அதோடு, கேட்க என்ன இருக்கிறது? ஆமை இருந்தால் பாம்பு இருக்கும்.

வரைந்து முடித்த ஓட்டின்மேல் பாம்பை நுழைப்பது லேசான வேலையா? அவள் கட்டங்களைக் கெடுக்காமல், எங்கே தொடங்கி எங்கே வாலை முடிப்பது என்று மண்டை காய்ந்தது. ஓட்டின் குறுக்கே சில இடங்களில் மங்கலாகச் சில பென்சில் கோடுகள் இழுபட்டிருந்தன. கை வழுக்கியிருக்கும். நல்லதாகப் போயிற்று என்று அவற்றின் மேலேயே பாம்பைப் போட்டேன், கறையும் மறைந்தது. முதல் பக்கத்து வெறுமையில் ஒரு மேகம் போட்டேன். கடைசிப் படத்தில் கடலுக்குள் போகும் ஆமை நகத்தளவுதான். அதன் மேலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய நிப்பால் பாம்பைச் சுற்றி, ஒரு புள்ளி கண்ணும் வைத்தேன். நிமிர்ந்தபோது கழுத்து திரும்பவில்லை. இவ்வளவு கச்சிதமாக நான் எதையும் செய்ததில்லை என்ற கர்வத்தோடு எல்லாவற்றையும் கட்டி அனுப்பினேன்.

கெடு சாருக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. அக்கா அவருக்கு முன்கூட்டி அனுப்புகிற கிறுக்கல்களில் என்றைக்குமே பாம்பு இருந்ததில்லை. அது என் இடம், நான் போடுவேன் என்று அவருக்கும் பழகிப்போயிருந்தது.

இதழ் வந்த அன்று மத்தியானம் நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பத்திரிகைக் கட்டை வாங்கி, பிரித்து, முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பாராட்டு வரும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், "பரவால்ல" என்றால் போதும், அக்கா வாயிலிருந்து அது வந்தால் எனக்கு ஒரு மாதம் ஓடும்.

அவள் கடைசிவரை போனாள். திரும்பி முதல் பக்கத்துக்கு வந்தாள். மறுபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு தரம் பார்த்ததை அவள் இரண்டாம் தரம் பார்த்து நான் கண்டதில்லை.

"இது எதுக்கு இங்க இருக்கு?"

"எது?"

"பாம்பு."

"நீதான் இடம் விட மறந்துட்டியே! நான் எப்படியெல்லாம் வளைச்சு நெளிச்சு நுழைச்சிருக்கேன் பாரு. கழுத்தே ஒடிஞ்சிடுச்சு."

"மறக்கல" என்றாள்.

தண்ணீர் கொதித்தது. நான் அணைக்கவில்லை, அவளும் அணைக்கவில்லை.

"மொதப் பக்கத்துல வாசலுக்கு மேல இடம் விட்டிருந்தேனே. அதப் பாக்கலையா நீ?"

"அது வானம்தானே? மேகம் போட்டிருக்கேன்ல?"

அவள் அந்த மேகத்தைப் பார்த்தாள். சத்தம் வராமல் சிரித்தாள். சிரித்தபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதழ் மடியில் கிடந்தது.

"அங்கதான் பாம்பு இருக்கணும். வாசல் இனிமே அதுக்கு. ஆமை மட்டும் போகுது."

"எங்க போகுது?"

"போகுது."

"கதையிலதானே?" என்று கேட்டேன். அதற்குமேல் முட்டாள்தனமான கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கார்ட்டூன் படம் எடுக்கிற இடத்தில் பின்னணிக் காட்சிகளுக்கு வர்ணம் தீட்டுகிற வேலை. மலை, மரம், தெரு, ஆளில்லாத அறைகள். தங்க ஒரு அறையும் பார்த்துவிட்டாள். ஒரு ஆளுக்கு மட்டும் ஆன அறை என்றாள். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். சாவிக் கடைக்காரருக்குக் கேட்டிருக்கும்.

"சொன்னேன். பெட்டி தைச்சப்ப சொல்ல வந்தேன், நீ சிங்கத்துக்குப் பல்லு வச்சுக்கிட்டு இருந்த. அதுக்கு முன்னாடியும் சொல்ல வந்தேன். நீ பேசும்போது நடுவுல நுழைய எனக்குத் தெரியாதுடி. எனக்குக் கோடுதான் வரும், அதான் கோட்டுல சொன்னேன். உனக்குப் புரியும்னு நெனச்சேன், வேற யாருக்குப் புரியலன்னாலும்."

"ஒரு வார்த்த..."

"இடம் விடாம ஒரு ஓடு வரையறது எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? கை தானா இடம் விடுது. அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். நீ அதையும் நிரப்பிட்ட." அவள் மடியிலிருந்த இதழை மூடினாள். "நான் போறேன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு இடம் விடல நீ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வரும். உன்னை யார் பார்த்துக்கொண்டது, உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் விழித்திருந்தது, கண்டவனெல்லாம் வந்து உட்காராமல் யார் காவல் இருந்தது என்று கேட்டேன்.

"கண்டவனில்ல. கண்ணாடிக்காரர்" என்றாள் அக்கா. "எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு."

அவருக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, கடைக்குப் போனால் அவர் மனைவிதான் பில் போடுகிறாள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அக்கா ஏன் எதிர்ச்சாரிக்கு மாறிப்போனாள் என்று எனக்கு ஒரு தரம்கூடக் கேட்கத் தோன்றியதில்லை.

"அப்ப நான் உன்ன நெரிச்சேனா?"

"அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் அழுதேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்றேன், இனிமேல் பேசமாட்டேன் என்றேன், உனக்கு வேண்டிய மாதிரியே சிங்கத்தை வரை, நான் பிடரி மட்டும் போடுகிறேன் என்றேன். "எப்பவும் ஜோடிதானே அது, ஒண்ண மட்டும் யாராவது வைப்பாங்களா?"

அக்கா என் தலையைத் தடவினாள். அவள் விரலில் பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடம் நெற்றியில் பட்டது.

"ஜோடிதான். ஆனா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணாவா உக்காந்திருக்கு? நடுவுல ஒரு வாசல் இருக்குல்ல?"

அந்த வாரமே போய்விட்டாள். பெட்டி ஒன்று, பென்சில் டப்பா, அம்மாவின் சால்வை. ரயில் நிலையத்துக்கு வரவேண்டாம் என்றாள், நான் போகவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு தெருமுனைவரை போனாள். திரும்புவாள் என்று கடைசிவரை நின்றேன். சாவிக் கடைக்காரர்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். சமையலறைக் குழாய் சொட்டினால் எந்தத் திருகை மூடவேண்டும் என்று சொன்னாள். நான் "ம்" என்றேன். அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது என்றாள். நான் "ம்" என்றேன். "பேசேன்" என்றாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

காலையில் எழுந்தால் மேஜை காலியாக இருந்தது. துடைத்து வைப்பேன், மறுநாளும் காலியாக இருக்கும். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதில் சண்டைக்கு ஆளில்லை, அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

பிறகு ஒருநாள் கெடு சார் கூப்பிட்டார். தொடர் புத்தகமாக வரப் போகிறதாம். முதல்முறையாகக் கெடுவைச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"கடைசி அத்தியாயத்துக்கு வந்த கடிதம் மாதிரி எதுக்கும் வந்ததில்லம்மா. ஆமையும் பாம்பும் கடைசிவரைக்கும் பிரியலன்னு ஆளாளுக்கு உருகுறாங்க. அட்டையிலயே அதப் போட்டுடலாம்."

"அத மாத்தணும் சார். பாம்பு போகாது, ஆமை மட்டும்தான் போகும். நான் புதுசா போட்டுத் தரேன்."

"என்னம்மா சொல்றீங்க? ஜனங்களுக்குப் பிடிச்சதைப் போய்..."

"அது எங்கக்கா கதை சார். நான் அதுல தப்பா மை போட்டுட்டேன்."

அக்கா ஊரை விட்டுப் போனதைப் பத்திரிகைக்கும் சொல்லியிருப்பாள் போல. "எப்ப முடியுமோ அப்ப குடுங்க" என்றார். பாவம், அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டமாக இருந்ததோ.

மூலப் பக்கங்கள் திரும்பி வந்தன. லைட் பாக்ஸைத் தூசி தட்டி எடுத்தேன். பழைய பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, மேலே புதுத்தாளை விரித்துவிட்டால் கோடுகள் ஊடுருவித் தெரியும், பாம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். வயலும் மணலும் கடலும் சுலபமாக வந்தன. ஓட்டுக்கு வந்ததும் கை நின்றது. பாம்பு படுத்திருந்த இடத்தில் அடியில் ஓடு எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது. நான்தான் கறுப்பு மையால் மூடியிருந்தேன்.

அப்போதுதான் அவள் பென்சிலின் பள்ளம் நினைவுக்கு வந்தது. கோடு போனாலும் பள்ளம் போகாது. புதுத்தாளை விலக்கி, பழைய பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, மேஜை விளக்கைப் பக்கவாட்டில் இறக்கினேன். மையின் அடியில் பள்ளங்கள் நிழல் கட்டி எழுந்தன. விரல் நுனியால் தடவிக்கொண்டே போனேன்.

ஓட்டுக் கட்டங்கள் அங்கே முழுதாக இல்லை. குறுக்கே ஒரு பட்டை போனது. அந்தப் பட்டைக்குள் கட்டங்களின் விளிம்பு மழுங்கியிருந்தது. பழைய வீட்டுப் படிக்கட்டு நடுவில் மட்டும் தேய்ந்திருக்குமே, அந்த மாதிரி. முதலில் அவள் அழித்து அழித்து வரைந்தேன் என்றாளே, அந்தக் கோடுகளாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அங்கேயும் அதே இடத்தில், அதே அகலத்தில். அதற்கடுத்த பக்கத்திலும். கை வழுக்கிய கோடு என்று எண்ணி நான் மூடியது அதைத்தான். இத்தனை வருடம் பாம்பு சுற்றிக் கிடந்து ஓடு தேய்ந்த தடம். இடத்தைத்தான் அவள் விடவில்லை, தடத்தை எல்லாப் படத்திலும் வரைந்திருந்தாள்.

கடைசிப் பக்கத்தை எடுத்தேன். கடலில் பாதி முழுகிய, நகத்தளவு ஆமை. அதன்மேல் நான் சுற்றிய பாம்பு, நான் வைத்த கண். விளக்கை இன்னும் இறக்கினேன். இருந்தது. ஒரு மயிரிழைப் பள்ளம், அவ்வளவு சின்ன ஓட்டைச் சுற்றி. என் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்திருக்கிறாள்.

அங்கேயே மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன், பக்கத்தின்மேல் கண்ணீர் படாமல் அதைத் தள்ளி வைத்துவிட்டு. அவளைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். பக்கங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வைத்துவிட்டேன்.

இருப்பதிலேயே மெல்லிய நிப்பைப் போட்டு, தடத்தை ஒவ்வொரு ஓட்டிலும் இழுத்தேன். அவள் கோடு முடிந்த பிறகு என் கோடு. அவசரப்படவில்லை, அவள்தான் நிதானமாகப் பண்ணச் சொல்லியிருந்தாளே. முதல் பக்கத்தைக் கடைசியில் எடுத்தேன். மேகத்தை விட்டுவிட்டு, வாசல் வளைவின்மேல் அவள் விட்டிருந்த இடத்தில் பாம்பை வரைந்தேன், செதில் செதிலாக, வால் நுனிவரை. தாராளமான இடம். நெளிக்கவோ வளைக்கவோ வேண்டியிருக்கவில்லை. சுற்றிக்கொள்ள ஒன்றுமில்லாததால் உடம்பை எப்படி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தலையை ஆமை போன பக்கம் பார்த்து வைத்தேன். அடுத்த பக்கங்களிலெல்லாம் ஆமை முன்னால் பார்த்தபடியே நடக்கிறது. அதில் நான் ஒரு கோடும் மாற்றவில்லை.